கேமரா இல்லாமல் ஆறு நாள்: கல்லடையாற்றிலிருந்து வைக்கம் படகுத்துறை வரை

நாள் 1: செங்கோட்டை – கொல்லம்

பல வருஷம் கேமராவைத் தூக்கித் திரிந்துவிட்டு எழுத வருகிறவர்களுக்குப் படகைவிடத் தோதான வண்டி வேறு இல்லை. வேகம்தான் காரணம். கேரள அரசின் பயணிகள் படகு மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் அதிகம். கழி ஊன்றித் தள்ளுகிற வள்ளம் ஆள் நடக்கிற வேகத்தில்தான் நகரும். ஒரு வரி எழுதிவிட்டு நிமிர்ந்தால், அந்த வரிக்குக் காரணமான தென்னை இன்னும் பக்கத்திலேயே நிற்கும். எழுதியது சரியா என்று பார்த்துக்கொள்ளலாம். பஸ் ஜன்னலில் அந்தக் கொடுப்பினை கிடையாது.

வழி இதுதான்: செங்கோட்டையிலிருந்து ரயிலில் கொல்லம், பக்கத்தில் மன்றோ துருத்து, பிறகு ஆலப்புழை, குட்டநாடு, கடைசியில் வேம்பநாட்டுக் காயலின் கிழக்குக் கரையில் வைக்கம். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல பருவம். ஜூன், ஜூலையில் தண்ணீர் ஏறினால் பாலத்துக்கு அடியில் படகு நுழையாது, ஓட்டமும் நின்றுபோகும்.

செங்கோட்டை ரயிலைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1904இல் மீட்டர் கேஜாகப் போட்டு, 2018இல் அகலப்பாதையாக மாறிய தடம் இது. ஆரியங்காவு குகையைத் தாண்டி, கழுதுருட்டி பக்கம் 13 கண் பாலத்தைக் கடந்து இறங்கும்போது கீழே ஓடுகிற ஓடை கல்லடையாற்றில் சேர்கிறது. தென்மலை அணை கட்டியதும் அதே ஆற்றில்தான். அந்த ஆறு போய் விழுகிற இடம்தான் நாளைக்குப் படகு ஏறப்போகிற அஷ்டமுடிக் காயல். ஒரே தண்ணீரை மலையிலிருந்து காயல்வரை பின்தொடர்ந்து போகலாம். புகைப்படக்காரருக்கு இது பத்து நல்ல படம், அவ்வளவுதான். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் இருப்பது ஒரே தண்ணீர் என்பதைச் சொல்ல எழுத்து வேண்டும். (காயல், அதாவது கடலோர உப்பங்கழி, நமக்கும் பழைய சொல்தான், காயல்பட்டினம் இருக்கிறதே. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்–கொச்சியிலும் இருந்த ஊர்.)

மூட்டை விஷயம். நோட்டு சட்டைப்பைக்குள் அடங்குகிற அளவில், நூலால் தைத்ததாக இருக்கட்டும். கம்பிச்சுருள் நோட்டு ஈரத்தில் துருப்பிடிக்கும், பையில் கிடக்கிற சார்ஜர் வயரோடு மாட்டிக்கொள்ளும். பசை போட்டு ஒட்டின நோட்டு மூன்றாம் நாளே தாள் தாளாகக் கழன்று வரும். ஜெல் பேனா எழுத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அந்தப் பக்கமே போச்சு. பால்பாயிண்ட் பேனா ஈரத்தாளில் வழுக்கும். எச்பி பென்சில்தான் கெட்டி. 4பி எடுத்தால் மூடிய தாள்கள் ஒன்றோடொன்று உரசி எல்லாம் சாம்பல் பூசினாற்போல ஆகிவிடும். பென்சில் இரண்டு, ஒன்றை நோட்டோடு நூல் போட்டுக் கட்டிவிடுவது. படகில் கைதவறினால் பென்சில் தண்ணீருக்கும் பலகை இடுக்குக்கும்தான் போகும், திரும்பி வராது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை இரண்டு: உள்ளே ஒன்று, வெளியே ஒன்று.

போன் இருக்கும், அதில் கேமராவும் இருக்கும். படகு நேரப் பலகையைப் படம் எடுக்க மட்டும் அதைப் பயன்படுத்துவது என்று வைத்துக்கொண்டால் போதும்.

இன்னொரு கணக்கு, ஃபிலிம் காலத்து ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஒரு ரோலுக்கு 36 படம். ஒரு நாளைக்கு 36 குறிப்பு, அதற்குமேல் இல்லை. ரோல் தீர்ந்துவிடுமே என்ற பயத்தில் விரல் எப்படித் தயங்கியதோ அப்படிப் பென்சிலும் தயங்க வேண்டும். டிஜிட்டல் கை 400 குறிப்பு எழுதும், ராத்திரி அதில் ஒன்றும் தேறாது.


நாள் 2: மன்றோ துருத்து

கொல்லத்திலிருந்து வடக்கே போகிற பாசஞ்சர் ரயிலில் பெரிநாடு தாண்டினால் அடுத்தது மன்றோ துருத்து நிலையம். நடுவில் வருவது பெருமண் பாலம். 1988 ஜூலை 8 அன்று ஐலண்ட் எக்ஸ்பிரஸின் பெட்டிகள் காயலில் விழுந்து 105 பேர் இறந்தது இங்கேதான். ஜன்னலில் பார்த்தால் தண்ணீர், தூண்கள், தூரத்தில் சீன வலை. படம் எடுத்தால் அதில் 1988 இருக்காது. முதல் குறிப்பை இங்கேயே எழுதலாம்: தேதி, எண்ணிக்கை, இப்போது ரயில் பாலத்தில் ஏறும்போது சத்தம் எப்படி மாறுகிறது. மூன்றே வரி. அதற்கு மேல் உருகினால் குறிப்பு கெட்டுப்போகும்.

1810இலிருந்து 1819வரை திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக, அதாவது ஆங்கிலேயரின் பிரதிநிதியாக, இருந்த கர்னல் ஜான் மன்றோவின் பெயர் ஊருக்கு. துருத்து என்றால் தீவு. கல்லடையாறு கொண்டுவந்து போட்ட வண்டல் இது. அணை வந்தபிறகு வண்டல் வரத்துக் குறைந்தது. ஓதம் (கடல் ஏற்றம்) ஏறும்போது வீட்டு வாசலுக்குத் தண்ணீர் வருவதற்குச் சொல்லப்படுகிற காரணங்களில் அதுவும் ஒன்று. வீடுகளின் வெளிச்சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கோடு தெரியும். அதற்குக் கீழே பூச்சு பொரிந்து உதிர்ந்திருக்கும். உப்பு ஏறின சுவர் அது.

வள்ளத்தைக் காலை ஆறு மணிக்குச் சொல்லிவைப்பது நல்லது. விடியலைப் பார்க்கலாம் என்பதைவிட, காற்று எழும்புமுன் கால்வாயைச் சுற்றி வந்துவிடலாம் என்பதுதான் முக்கியம். வள்ளக்காரரை வயசு பார்க்காமல் 'சேட்டா' என்று கூப்பிடலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. தமிழில் பேசினால் பாதிக்கு மேல் புரியும், நிதானமாகப் பேச வேண்டும்.

ஏறும் முறை: முதல் கால் வள்ளத்தின் நடுக்கோட்டில். விளிம்பில் கால் வைத்தால் வள்ளம் சாய்ந்து கரையைவிட்டு நழுவும், ஒரு கால் கரையிலும் ஒரு கால் வள்ளத்திலுமாக மாட்டிக்கொள்வது அப்படித்தான். உட்காரும்வரை குனிந்தே நகர வேண்டும். இரண்டு பேர் என்றால் கனமானவர் நடுவுக்குப் பின்னால். மூக்கு தாழ்ந்தால் வள்ளம் நேராகப் போகாமல் இரண்டு பக்கமும் அலையும். தாழ்ந்த பாலங்களுக்கு அடியில் நுழையும்போது தலையை எல்லோரும் குனிந்துகொள்வார்கள், விரலை மறந்துவிடுவார்கள். விளிம்பை வெளிப்பக்கமாகப் பிடித்திருக்கிற விரல் பாலச்சுவரில் நசுங்கும்.

இனி கழி. மூங்கில், இரண்டு ஆள் உயரத்துக்குமேல். பார்க்க எளிது, வள்ளக்காரர் தள்ளுகிறார், வள்ளம் போகிறது. கொஞ்ச நேரம் கைகளை மட்டும் கவனித்தால் வேறு கதை தெரியும். கழியை வள்ளத்தை ஒட்டி, நேர்குத்தாக, அதன் சொந்த எடையிலேயே நழுவவிடுகிறார். அடி தட்டியதும் கழி பின்பக்கம் சாயும், அப்போதுதான் எடையைப் போடுகிறார். கை ஒன்றன்மேல் ஒன்றாக மேலே ஏறிக்கொண்டே போகும். முடிவில் ஒரு சின்னத் திருகு, அதன் பிறகே இழுப்பு. அந்தத் திருகு இல்லாவிட்டால் சேறு கழியைக் கவ்விக்கொள்ளும். வள்ளம் முன்னால் போகும், கழி பின்னால் நிற்கும், பிடித்திருக்கிற ஆள் நடுவில் தொங்குவார். கழி சிக்கினால் விட்டுவிட வேண்டும் என்பதுதான் முதல் பாடம். வள்ளத்தில் கிடக்கிற துடுப்பை எடுத்துத் திரும்பி வந்து பிடுங்கிக்கொள்ளலாம். தண்ணீரில் விழுகிற புதிய ஆட்களில் பெரும்பாலானவர்கள் கழியை விட மனசில்லாதவர்கள்.

இந்த இடத்தில் புகைப்படக்காரர் கை முதலில் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

'பொன்னொளியில் மின்னும் கால்வாய். தென்னைகளின் நிழல் நீரில். ஒற்றை வள்ளத்தின் நிழலுரு. பேரழகு.'

இதில் வினைமுற்றே இல்லை என்று கவனித்தால் நோய் பிடிபட்டுவிடும். ஒன்றும் நகரவில்லை, ஒன்றும் நாறவில்லை, ஒருவரும் பேசவில்லை. ஒரு படத்துக்கான வர்ணனை இது. அதே இடத்தை இரண்டாம் தடவை எழுதினால்:

'6.40. கழி அடியில் தட்டவில்லை, அமிழ்கிறது. ஒரு திருகு, பிறகு இழுப்பு. ஒரு முழம் கறுப்புச் சேற்றோடு மேலே வருகிறது, அழுகின முட்டை வாடை. சேட்டா கழியைத் தண்ணீரில் இரண்டு தடவை அலசிவிட்டுத்தான் அடுத்த குத்து. இல்லாவிட்டால் சேறு கையில் வழியும். பாலத்துக்கு அடியில் பேச்சை நிறுத்திவிட்டார்.'

ஒளி ஒரு சொல்கூட இல்லை. ஒளியைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு இது விரதம் மாதிரி. முதல் மூன்று நாளைக்கு வெளிச்சத்தைப் பற்றி நாளொன்றுக்கு ஒரே ஒரு குறிப்பு என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டால் காதும் மூக்கும் வேலைக்கு வரும்.

திரும்பும்போது ஓதம் மாறியிருந்தால் குறித்துக்கொள்ளலாம். இந்தக் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான், ஆனால் இரண்டடி ஆழக் கால்வாயில் அதுவே பெரிது. வரும்போது மிதந்த இடத்தில் போகும்போது வள்ளத்தின் அடி சொரசொரவென்று உரசும். கரை மண்ணில் ஈரக்கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பென்சிலை வைத்து அளந்து எழுதினால், வீட்டுக்கு வந்தபிறகு 'தண்ணீர் வற்றியிருந்தது' என்பதற்குப் பதில் 'ஒன்றரைப் பென்சில் வற்றியிருந்தது' என்று எழுத முடியும்.


நாள் 3: ஆலப்புழை

கொல்லத்திலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. பகலில் சும்மா வெயில், ஊர் பார்க்க ஒன்றும் அவசரமில்லை.

அரசுப் படகுத்துறை கேரள அரசு பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே, வாடைக் கால்வாயில். நீர்ப் போக்குவரத்துத் துறையின் தலைமையிடமே ஆலப்புழைதான். நேரப் பலகையில் ஊர்ப் பெயர்கள் மலையாளத்தில் இருக்கும். தமிழ் தெரிந்தவர்கள் அரைமணி நேரம் உட்கார்ந்தால் நெடுமுடி, காவாலம், கோட்டயம் என்று எழுத்துக்கூட்டிவிடலாம். எது எப்போது கிளம்பும் என்பதைவிடக் கடைசிப் படகு திரும்பி எப்போது வரும் என்பதைக் கேட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். வழியில் ஒரு துறையில் இறங்கிவிட்டு, திரும்ப வண்டியில்லாமல் வரப்பில் நிற்கிறவர்கள் உண்டு.

சாயங்காலம் ஒரு மணி நேரம் துறையில் சும்மா நின்று, படகு கட்டுவதை மட்டும் பார்த்து எழுதுவது இன்றைய வேலை. படகு துறையை நேராக வந்து முட்டாது. சாய்வாக மூக்கை நுழைக்கும். முன்னால் நிற்கிற படகு ஊழியர், லாஸ்கர் என்பார்கள், கயிற்றோடு தாண்டுவார். கயிற்றைக் கட்டமாட்டார். தூணில் ஒன்றரைச் சுற்று போட்டு நுனியைக் கையிலேயே பிடித்துக்கொள்வார். அவ்வளவு பெரிய படகைத் தாங்குவது அவர் கை அல்ல, தூணில் கயிறு தேய்கிற தேய்ப்பு. சுக்கான் பிடிக்கிறவர், ஸ்ராங்க் என்பார்கள், சுக்கானைத் துறைக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி, எஞ்சினை மெதுவாக முன்னோக்கியே ஓடவிடுவார். மூக்கைக் கயிறு பிடித்துவைத்திருப்பதால் படகு முன்னால் போக முடியாது, பின்பகுதி மட்டும் சுற்றி வந்து துறையை ஒட்டும். முன்னோக்கித் தள்ளித்தான் பின்பக்கத்தை உள்ளே கொண்டுவருகிறார்கள்.

கயிற்றை மூன்று சுற்று சுற்றினால் நனைந்த கயிறு இறுகி அவிழாது. முடிச்சே போட்டுவிட்டால், பக்கத்தில் போகிற படகின் அலை இழுக்கும்போது தூணோ கொக்கியோ பெயரும். பின்பக்கம் ஒட்டுமுன் பயணி தாண்டினால் கால் இடுக்கில் போகும். 'தாண்டாதே' என்று லாஸ்கர் கத்துவது அதற்குத்தான், சிடுசிடுப்பு என்று எழுதிவிடக் கூடாது.


நாள் 4: குட்டநாடு வழியாகக் கோட்டயம்

காலைப் படகு. கோட்டயம்வரை இரண்டரை மணி நேரம் என்று சொல்வார்கள், எல்லாத் துறையிலும் நின்று போனால் கூடவும் ஆகும். கோட்டயம் பக்கத்துக் கால்வாயில் தூக்குப் பாலங்கள் உண்டு. படகு வரும்போது கரையில் இருப்பவர்கள் கயிறு இழுத்து உயர்த்துவார்கள். ஏதாவதொன்று பழுதாகிக் கிடந்தால் படகு காஞ்ஞிரத்தோடு நின்றுவிடும். டிக்கெட் வாங்கும்போதே 'கோடிமதா வரை போகுமா' என்று கேட்டுவிடுங்கள், கோட்டயத்துப் படகுத்துறை அதுதான்.

உட்காருகிற இடம் முக்கியம். புகைப்படக்காரர் தேடுவது முன்வரிசை ஓரம். எழுதுகிறவருக்கும் முன்பக்கம்தான், ஆனால் காரணம் வேறு: எஞ்சின் நடுவிலும் பின்னாலும் அதிரும், அங்கே உட்கார்ந்தால் கையெழுத்து நடுங்கும், பேச்சும் காதில் விழாது. ஸ்ராங்க் முன்னால் உயரத்தில் நிற்பார், எஞ்சின் டிரைவர் கீழே இருப்பார். இருவருக்கும் நடுவில் ஒரு கயிறும் மணியும். ஸ்ராங்க் கயிற்றை இழுக்க, மணி கேட்டு டிரைவர் எஞ்சினைக் கூட்டுவார், குறைப்பார், பின்னோக்கிப் போடுவார். அந்த மணிக்கணக்கை யாரிடமும் கேட்காமல் கண்டுபிடிப்பது நல்ல பயிற்சி. ஒவ்வொரு துறையிலும் எத்தனை மணி அடித்தது, உடனே எஞ்சின் என்ன செய்தது என்று இரண்டு பத்தியாக எழுதிவந்தால் ஐந்தாவது துறைக்குள் விடை தெரிந்துவிடும். பிறகு டிக்கெட் கொடுக்கிற போட் மாஸ்டரிடம் சரியா என்று கேட்டுக்கொள்ளலாம். அப்படிக் கேட்கிற ஆளிடம் அவர்கள் நிறையப் பேசுவார்கள்.

புன்னமடைக் காயலில் நேரு கோப்பை வள்ளப் பந்தயம் நடக்கிற தடத்தைத் தாண்டினால் குட்டநாட்டு வயல். ஆர் பிளாக் என்கிற வயல் பக்கம் படகு போகும்போது ஒரு விசித்திரம்: படகிலிருந்து வயலைக் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். கடல்மட்டத்துக்கு 1.2 முதல் 3 மீட்டர்வரை தாழ்வான நிலம். தண்ணீர் மேலே, நெல் கீழே, நடுவில் ஒரு மண் கரை. 2013இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் இதை உலக வேளாண் மரபாக அறிவித்தது. முரிக்கன் என்ற ஜமீன் விவசாயி 1940களில் சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்று காயலையே வளைத்து வயலாக்கியதும் இந்த வட்டாரத்தில்தான். படத்தில் இந்த உயர வித்தியாசம் வராது. கரையின் விளிம்பு இரண்டு மட்டத்தையும் மறைத்து எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். டிரோன் விட்டாலும் அதே கதைதான், மேலேயிருந்து பார்த்தால் பள்ளம் தெரியாது. எழுத்தில் ஒரு வரி போதும்: 'கரைமேல் நடக்கிற ஆளின் முழங்கால் படகில் இருக்கிற நம் கண்ணுக்கு நேர், வயலில் நிற்கிற ஆளின் தலை நம் காலுக்குக் கீழே.'

வயல் தண்ணீரை வெளியே இறைப்பது 'பெட்டியும் பறையும்'. பெயர்தான் இயந்திரமும்: நீளப் பெட்டி ஒன்று, உருளைப் பறை ஒன்று. பறைக்குள் நிமிர்ந்த அச்சில் இலை சுழலும், தண்ணீர் ஏறிப் பெட்டி வழியாகக் கால்வாயில் கொட்டும். ஆழம் குறைவு, அளவு அதிகம் என்கிற இடத்துக்கு ஏற்றது. சத்தத்தை எழுதப் பாருங்கள். மோட்டார் சத்தம் ஒன்று, தண்ணீர் கொட்டுகிற சத்தம் ஒன்று. தண்ணீர்ச் சத்தம் மெலிந்து மோட்டார் மட்டும் கீச்சிட்டால் பறையில் களை அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

களை என்றால் ஆகாயத்தாமரை. இங்கே போளா என்பார்கள். படகுக்கு முதல் எதிரி. முன்னால் பச்சைப் பாய் விரித்தாற்போலக் கிடந்தால் ஸ்ராங்க் எஞ்சினைக் குறைத்து, வந்த வேகத்திலேயே படகை மிதக்கவிட்டு அதன்மேல் ஏற்றுவார். புரொப்பெல்லர் சுழன்றுகொண்டே நுழைந்தால் வேர் சுற்றிக்கொள்ளும். சுற்றிக்கொண்டதற்கு அடையாளம்: எஞ்சின் சத்தம் தாழ்ந்து முக்கும், புகை கறுக்கும், படகு வேகம் எடுக்காது. பின்னோக்கிச் சுழற்றினால் பாதி அவிழும். அவிழாவிட்டால் ஒருவர் கத்தியோடு இறங்க வேண்டியதுதான். காயல் தண்ணீரை உறிஞ்சிக் குளிர்விக்கிற எஞ்சினாக இருந்தால் உறிஞ்சுகிற வாயும் அடைபடும், சூடு ஏறும்.

இந்தக் களைக்கும் நெல்லுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, அது நாளை மறுநாள் தண்ணீர்முக்கத்தில்.

ராத்திரி வேலை: ஃபிலிம் கழுவிக் காண்டாக்ட் ஷீட் (ஒரு ரோலின் படமெல்லாம் சிறிதாக ஒரே தாளில்) பார்த்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். 36 குறிப்பையும் ஒருதரம் வாசித்து ஆறில் மட்டும் டிக் போடுவது. ஆறும் ஆறு பத்தி. தூங்குமுன் எழுதிவிட வேண்டும். மறுநாள் காலை பார்த்தால் '9.15 மணி 2, கயிறு, பெரியவர் சிரிப்பு' என்பதற்கு என்ன அர்த்தம் என்றே தெரியாது. டிக் விழாத 30 குறிப்பின்மேல் இரக்கப்பட்டால் பத்தி தொப்பை போட்டுவிடும்.


நாள் 5: சொந்தக் கையால் துடுப்பு

கைனகரி பக்கத்துச் சிறு கால்வாய்களில் கயாக் வாடகைக்குக் கிடைக்கும். காலை ஆறரையிலிருந்து ஒன்பதுக்குள் முடித்துவிடுவது நல்லது. பிறகு வெயில் ஒருபக்கம், ஹவுஸ்போட் நெரிசல் ஒருபக்கம்.

உட்கார்ந்ததும் பாதத்தாங்கியைச் சரிசெய்ய வேண்டும், முழங்கால் லேசாக மடிந்திருக்கிற அளவு. காலை நீட்டியே உட்கார்ந்தால் இருபது நிமிஷத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். துடுப்பைத் தலைமேல் வைத்து, முழங்கை செங்கோணமாக மடங்குகிற இடத்தில் பிடி. துடுப்பு கால்விரல் நேருக்கு நுழைந்து இடுப்பு நேரில் வெளியே வர வேண்டும். இடுப்பைத் தாண்டி இழுத்தால் தண்ணீரை மேலே தூக்குகிறோம், படகு போகாது, தோள் மட்டும் வலிக்கும். கையால் இழுக்காமல் உடம்பைத் திருப்பி இழுப்பதுதான் முறை. திரும்ப வேண்டுமானால் துடுப்பை வெளியே நீட்டி, மூக்கிலிருந்து வால்வரை பெரிய அரைவட்டம்.

நீர்வழியில் வலதுபக்கம் ஒதுங்கிப் போவது முறை, நம் ரோட்டுக்கு நேர்மாறு. ஹவுஸ்போட் ஓட்டுகிறவருக்கு மூக்குக்குக் கீழே இருக்கிற கயாக் தெரியாது, அவர் முகம் நமக்குத் தெரியாவிட்டால் நாமும் அவருக்குத் தெரியவில்லை. அலை வந்தால் பக்கவாட்டில் வாங்கக் கூடாது. மூக்கைச் சற்றுச் சாய்வாக அலைப்பக்கம் திருப்பித் துடுப்பைத் தொடர்ந்து போட வேண்டும். துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பவர்தான் கவிழ்வார். கவிழ்ந்தால் படகை விடாமல், துடுப்பையும் விடாமல், படுத்தவாக்கிலேயே கரைக்கு உதைத்து நீந்துவது. கால் ஊன்றி நிற்கப் பார்த்தால் சேற்றில் முழங்கால்வரை போகும். லைஃப் ஜாக்கெட்டின் வார் எல்லாம் இறுக்கியிருக்கிறதா என்று தோளைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள், காதுவரை ஏறினால் தளர்வு.

இரண்டு கையும் துடுப்பில் இருக்கும்போது எழுதுவது எப்படி? வெள்ளை பிளாஸ்டிக் தகடு ஒன்றை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, நைஸ் உப்புத்தாளால் பளபளப்புப் போகத் தேய்த்தால் அதில் பென்சில் எழுதும், தண்ணீருக்குள் விழுந்தாலும் அழியாது. மூலையில் ஓட்டை போட்டு லைஃப் ஜாக்கெட்டில் கட்டிக்கொள்ளலாம். பத்து வார்த்தை கொள்ளும், பத்துதான் தேவை. கரையேறியதும் நோட்டில் விரித்து எழுதிவிட்டு ரப்பரால் அழித்தால் அடுத்த தடவைக்குத் தயார்.

ஒன்று சொல்ல வேண்டும். நேற்று வரை பயணியாக எழுதின குறிப்பும் இன்று துடுப்புப் போட்டு எழுதின குறிப்பும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். இன்றைய குறிப்பில் தூரம் என்பது கிலோமீட்டர் இல்லை, தோள்வலி. காற்று என்பது தென்னை ஓலை அசைவது இல்லை, மூக்கு இடதுபக்கம் ஓடுவது.

மத்தியானம் கெட்டுவள்ளம் ஒன்றைக் கரையில் ஏற்றி வேலை பார்க்கிற இடம் கண்ணில் பட்டால் நில்லுங்கள். அயினிப் பலகை, ஆணி கிடையாது, தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். பலகை இடுக்கில் தேங்காய் நார் வைத்து அதன்மேல் கயிறு. முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசின கறுப்பு. தையல் எத்தனை விரற்கடைக்கு ஒன்று என்று எண்ணி எழுதலாம்.


நாள் 6: முகம்மா, தண்ணீர்முக்கம், வைக்கம்

ஆலப்புழையிலிருந்து பஸ்ஸில் முகம்மா, 16 கிலோமீட்டர். அங்கிருந்து குமரகத்துக்கு அரசுப் படகு, ஏறக்குறைய முக்கால் மணி நேரம், பாதிரா மணல் தீவை ஒட்டிப் போகும். இதுவரை பெரும்பாலும் கால்வாய். இது வேம்பநாட்டுக் காயலின் திறந்த தண்ணீர், 2002 முதல் சர்வதேச ராம்சர் பட்டியலில் உள்ள ஈரநிலம். காலையில் கண்ணாடி. பதினொரு மணிக்குமேல் மேற்கேயிருந்து கடற்காற்று எழும்பும், மத்தியானத்துக்குள் காயல் முழுக்கக் கட்டை அலை. காலைப் படகில் போய் அதே படகில் திரும்பிவிட்டால் கையெழுத்தும் தப்பும், வயிறும் தப்பும். நடுக்காயலில் வள்ளத்தில் நின்று நீளக் கழியின் நுனியில் வலைக்கூடை கட்டி அடியை வாருகிறவர்கள் கறுப்பு மட்டி எடுப்பவர்கள், இங்கே கக்கா. கழியின் ஆட்டத்தைப் பார்த்தால் மன்றோ துருத்தில் பார்த்த கழி வேலைக்கு இது எதிர்வேலை என்று தெரியும்: அங்கே வள்ளத்தை நகர்த்த, இங்கே நகராமல் நிறுத்தி அடியைச் சுரண்ட.

வடக்கே போனால் தண்ணீர்முக்கம் தடுப்பணை, 1970களின் நடுவில் வந்தது. கடலிலிருந்து உப்பு ஏறி வயலைக் கெடுக்காமல் இருக்க டிசம்பர் நடுவில் ஷட்டரை இறக்குவார்கள், கோடையில் அறுவடை முடிந்து தூக்குவார்கள். நெல் பிழைக்கிறது. ஆனால் உப்பு வந்தால் சாகிற ஆகாயத்தாமரையும் பிழைக்கிறது. உப்பும் நல்ல தண்ணீரும் கலக்கிற இடத்தில் வளர்கிற மீனும் மட்டியும் பாதிக்கப்படுகின்றன. நேற்று முன்தினம் எஞ்சின் முக்கியதற்கான காரணம் இந்த ஷட்டரில் இருக்கிறது. விவசாயி ஒரு தேதி கேட்பார், மீனவர் இன்னொரு தேதி கேட்பார். பாலத்தின் தெற்குப் பக்கத் தண்ணீரையும் வடக்குப் பக்கத் தண்ணீரையும் நின்று பார்த்துக் களை எந்தப் பக்கம் அதிகம் என்று எழுதிக்கொள்ளலாம். ஷட்டர் மூடியிருக்கிற மாதமா, திறந்திருக்கிற மாதமா என்பதைத் தேதியோடு சேர்த்துக் குறிக்காவிட்டால் அந்தக் குறிப்புக்கு மதிப்பில்லை.

மேற்குக் கரையிலிருந்து தவணக்கடவு – வைக்கம் படகு. இதில் ஓடுகிற 'ஆதித்யா' 2017 ஜனவரியில் வந்த, இந்தியாவின் முதல் சூரியமின் பயணிகள் படகு, 75 பேர் உட்காரலாம். இரட்டை உடல் என்பதால் ஆட்டம் குறைவு. கால் மணி நேரப் பயணம்தான். இதுவரை ஏறிய அரசுப் படகுகளின் டீசல் எஞ்சின் அதிர்வில் காது மூடிக்கிடந்தவர்களுக்கு இங்கே திடீரென்று எல்லாம் கேட்கும்: இரண்டு உடலுக்கும் நடுவில் தண்ணீர் அடிக்கிற தட்டல், பின்வரிசையில் யாரோ சில்லறை எண்ணுவது, அக்கரைப் பள்ளிப் பிள்ளைகள் பேச்சு. குரல் பதிவு செய்ய வேண்டுமானால் இந்தப் படகுதான். போனின் மைக்கைக் காற்றுக்கு மறுபக்கமாகத் திருப்பி, உள்ளங்கையால் கூடாரம் போலப் பொத்திக்கொண்டால் காற்று இரைச்சல் விழாது. ஆதித்யா சில சமயம் சார்ஜ் ஏற்ற நிற்கும், அந்த முறைக்குச் சாதாரணப் படகு வரும். அவசரமில்லாவிட்டால் அடுத்த முறைக்குக் காத்திருக்கலாம்.

வைக்கம் துறையில் இறங்கி நடக்கிற தூரத்தில் மகாதேவர் கோயில். அதன் நான்கு பக்கத் தெருவிலும் எல்லோரும் நடப்பதற்காக 1924–25இல் சத்தியாகிரகம் நடந்தது. காந்தி 1925 மார்ச்சில் வந்து இறங்கியது பழைய படகுத்துறையில். தமிழ்நாட்டிலிருந்து வந்து சிறைக்குப் போன பெரியாருக்கு இங்கே நினைவகம் இருக்கிறது. புதுப்பித்து 2024 டிசம்பரில் திறந்தார்கள். தெருவைப் படம் எடுத்தால் பழக்கடை, ஆட்டோ, வேட்டி கட்டின ஆட்கள். நடந்து போய் அடியை எண்ணலாம்: துறையிலிருந்து கோயில் தெரு எத்தனை அடி, எந்த இடத்தில் சத்தியாகிரகிகளை நிறுத்தியிருப்பார்கள்.

திரும்புவதற்கு வைக்கத்திலிருந்து எர்ணாகுளத்துக்கும் கோட்டயத்துக்கும் அடிக்கடி பஸ் உண்டு. நோட்டைப் பைக்குள் போடுமுன் விரித்துப் பார்த்துவிடுங்கள். ஆறு நாள் ஈரத்தில் அது நிச்சயம் உப்பியிருக்கும். வெயிலில் காயவைத்தால் தாள் சுருளும். பத்துத் தாளுக்கு ஒரு பழைய செய்தித்தாள் துண்டு என்று இடையில் வைத்து, மேலே கனமாக எதையாவது ஏற்றி, மின்விசிறிக் காற்றில் ஒரு ராத்திரி விட்டால் நேராகிவிடும். பழைய கேமரா பையில் கிடக்கிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களை இப்போது எடுத்து நோட்டு உறைக்குள் போட்டுவைக்கலாம்.